உறை மாறிய கத்திகள்

"வா, வா, இன்னும் வா. அட, வாய்யா! உன் காருக்கு ஒண்ணும் ஆகாது. நில்லு!" ஆரஞ்சுக் கையுறை காற்றில் மடங்கி, நீண்டு, சட்டென்று விரிகிறது. டென்மார்க்கிலிருந்து வந்த கார் ஒன்று, முன்னால் நிற்கும் வேனை உரசாத குறையாக நடுங்கி நிற்கிறது. மலைகளுக்கு நடுவே புகுந்த கடல்நீரான ஃபியோர்டைக் கடக்கும் ஃபெரிப் படகில் கார்களை அடுக்கி நிறுத்துவது ஹால்வரின் வேலை. இடைவெளி கண்டால் அவருக்கு ஆகாது. வண்டியோடு வண்டி அளவாகப் பொருந்தி நின்றால்தான் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

வியாழக்கிழமை மாலை மட்டும் அந்தக் கைக்கு வேறு குணம் வந்துவிடும். அக்கரை அஸ்லாக், தேவாலயப் பாட்டுக்குழுவின் ஒத்திகைக்காகத் தன் சிவப்பு வோல்வோவில் வருகிற நாள் அது. ஹால்வர் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு அந்தக் காரை இரும்புப் படிக்கட்டுக்கு அடியில் ஒதுக்குவார். பக்கத்தில் உப்புநீர் சொட்டும் மீன் லாரி. அங்கே நின்றால் கார்க் கதவு திறக்காது, மேலே போய்க் காபி குடிக்க முடியாது. அஸ்லாக்கும் லேசுப்பட்டவர் இல்லை. கண்ணாடியை இறக்கி, "நல்ல இடம்" என்பார். மறுபடி ஏற்றிக்கொண்டு, கரை வரும்வரை மீன் நாற்றத்தில் ஊறியபடி உட்கார்ந்திருப்பார்.

மேல்தளத்துச் சிற்றுண்டிக் கடையில் ஸ்வேலே அப்பம் சுடும் சிக்ருன், கரண்டியும் கையுமாக ஜன்னல் வழியே இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். அவர் ஹால்வரின் மனைவி. "தலை நரைச்சும் ரெண்டுக்கும் புத்தி வரல பாரு" என்று அப்பத்தைத் திருப்பிப் போடுவார்.

சண்டைக்குக் காரணம் ஒரு கத்தி. சரியாகச் சொன்னால் கத்திகூட இல்லை, கத்தியின் உறை.

ஹால்வர் வீட்டுக் கூடத்தில் கல்யாணப் படம் மாட்டக்கூட இடமில்லை. சுவர் முழுக்கத் துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திகள். ராணுவக் கிடங்குகள் கழித்துக்கட்டி, துரு நீக்கி, மெருகேற்றி, எண்ணெய் பூசி விற்றவை. விஷயம் தெரிந்த சேகரிப்பாளர்கள் இப்படிப் புதுப்பித்த சரக்கைச் சீண்டமாட்டார்கள். அவர்களுக்குத் துரு வேண்டும், போர்க்களத்துக் கறை வேண்டும். அதைக் கேட்டாலே ஹால்வருக்கு எரியும். "குளிக்காம இருக்கறவன்தான் வீரனா? இது குளிச்சு, தலைவாரி, நல்ல பிள்ளையா வீட்டுக்கு வந்திருக்கு. இனிமே யாரையும் குத்தாது. அதுக்குத்தானே சுவத்துல ஏத்தினேன்?" இத்தனை கத்திக்குச் சொந்தக்காரரை வெங்காயம் நறுக்கச் சொன்னால் விரலை நறுக்கிக்கொண்டு வந்து நிற்பார்.

அவருடைய உண்மையான பித்து வேறு. ராணுவம் ஒவ்வொரு கத்தியிலும் ஓர் எண்ணைப் பொறித்து, அதன் உறையிலும் அதே எண்ணைப் பொறித்திருந்தது. கிடங்கில் மலையாகக் குவித்து எண்ணெயில் முக்கி எடுத்தபோது எண்ணை யார் பார்த்தார்கள்? "கைக்குக் கிடைச்ச உறையில கிடைச்ச கத்தியச் சொருகிட்டான் பாவி. எத்தனை குடும்பத்தைப் பிரிச்சிருக்கான்!" பத்துப் பொருத்தமும் பார்க்கும் தரகரைப் போல ஹால்வர் சந்தை சந்தையாக அலைந்து, பிரிந்ததையெல்லாம் சேர்த்துவைப்பார். சரியான உறையில் கத்தி இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வருமாம். மாறிய உறையிலும் அதே 'டக்'தான் சிக்ருனுக்குக் கேட்கிறது. "உனக்குக் காது மந்தம்" என்பார் ஹால்வர். பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தபோது ஊரே காரணம் தேடியது. ஹால்வர் மட்டும், "உறை மாறிடுச்சு, வேற என்ன?" என்று முடித்துவிட்டார்.

பள்ளி வாத்தியக்குழுவுக்குப் பணம் திரட்ட நடத்திய பழைய சாமான் சந்தையில், ஒரு வாழைப்பழப் பெட்டியின் அடியில் இரண்டு கத்திகள் கிடந்தன. ஒன்றை ஹால்வர் எடுத்தார், இன்னொன்றை, அதே பித்துப் பிடித்த அஸ்லாக் எடுத்தார். காபி வரிசையில் நின்றபடி ஒருவர் கத்தியை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஹால்வரின் கத்தி 4417, உறை 9032. அஸ்லாக்கின் கத்தி 9032, உறை 4417. உறையை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் யார் முதலில் கேட்பது? இரண்டு கரையிலும் வாய்விட்டுக் கேட்டு வாங்குவது பாதிப் பிச்சைக்குச் சமம். "இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் கத்தியைப் பையில் போட்டார்கள். ஐந்து வருடமாயிற்று.

"கேட்டாத்தான் என்ன? வாயில என்ன உருளைக்கிழங்கா வெச்சிருக்க?" என்பார் சிக்ருன்.

"நான் ஏன் கேக்கணும்? அவன் கேக்கட்டும், அந்த நிமிஷமே குடுக்கறேன்."

"அவனும் இதையேதான் சொல்லிட்டிருப்பான்."

"சொல்லட்டும். எனக்கென்ன அவசரம்?"

காபிக் கோப்பையோடு தினமும் 4417 முன்னால் போய் நின்று பெருமூச்சு விடும் மனிதரின் பேச்சு இது.

வசந்தத்தில் ஒரு வியாழக்கிழமை சிவப்பு வோல்வோ வரவில்லை. படிக்கட்டுக்கு அடியில் இடம் காலியாகவே இருந்தது. தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டியோடு வந்த ஜெர்மன்காரர் ஒருவர் விரலை நீட்டினார்.

"அங்க நிறுத்தலாமா?"

"இடமில்ல."

"காலியா இருக்கே!"

"காலியா இருக்கற மாதிரி தெரியுது" என்றார் ஹால்வர்.

மீன் லாரிக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். அஸ்லாக்குக்கு இடுப்பு மூட்டு மாற்றும் அறுவை, இதயமும் சரியில்லையாம், மருத்துவர்கள் யோசிக்கிறார்களாம். "ஓ" என்றார் ஹால்வர். அன்று அவர் தட்டில் உருளைக்கிழங்கு ஆறிக் கிடந்தது.

மறுநாள் 4417 சுவரில் உறையில்லாமல் தொங்கியது. "உறை எங்க?" என்றார் சிக்ருன்.

"காத்து வாங்கட்டும்னு விட்டிருக்கேன்."

உறை காற்று வாங்கிய இடம் ஆரஞ்சு மேல்சட்டையின் உள்பை. அதனால் ஹால்வர் இடப்பக்கம் குனிய முடியாமல் விறைத்துக்கொண்டு நடந்தார். சிக்ருனுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடுத்துட்டு வாயேன்."

"படுத்துக் கிடக்கறவன் முன்னாடி இதை நீட்டினா, அவன் உறைய வாங்க வந்திருக்கேன்னு நினைக்கமாட்டானா?" என்று சீறியவர், உள்பையைத் தடவிக்கொண்டே, "செத்துகித்துத் தொலைஞ்சான்னா?" என்றார். "உறைக்காகச் சொல்லல, சிக்ருன்."

"தெரியும்" என்றார் அவர்.

கோடையெல்லாம் அந்த இடத்தைக் காலியாக வைத்துக் காலியாக வைத்து, கேப்டனிடம் திட்டும் வாங்கினார் ஹால்வர். இலை பழுக்கத் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை சிவப்பு வோல்வோ சரிவில் இறங்கி வந்தது. பின் இருக்கையில் இரண்டு ஊன்றுகோல்கள். ஆரஞ்சுக் கை, முன்வரிசையில், விசாலமான முதல் இடத்தைக் காட்டியது. கார் நடுவழியில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என்னய்யா இது, முன்னாடி எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"கதவு திறக்க வேண்டாமா? காலு இந்த லட்சணத்துல இருக்கு..."

"என் இடம் எனக்குத் தெரியும்" என்ற அஸ்லாக், தானே ஓட்டிக்கொண்டுபோய்ப் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தினார். மீன் லாரி பக்கத்தில் வந்து ஒட்டியது. அதன் பின்னால் பேருந்து, கார்கள் என்று வரிசை நிறைந்தது.

ஹால்வர் கிட்டே போனார். ஜன்னலிலிருந்து செய்தித்தாளில் சுருட்டிய நீளப் பொட்டலம் ஒன்று வெளியே நீண்டது. "வீட்டுல சும்மாக் கிடந்துது. எடுத்துட்டுப் போ."

ஹால்வர் அதைத் தொடவில்லை. அவசர அவசரமாக உள்பையிலிருந்து 9032-ஐ உருவினார். "நான்தான் முதல்ல! எத்தனை மாசமா நெஞ்சுல வெச்சுக்கிட்டு அலையறேன் தெரியுமா?"

"யாரு பாத்தா? என் கைதான் முதல்ல நீண்டுது."

"நான் ஒண்ணும் கேக்கலையே!"

"நான் மட்டும் கேட்டேனா?"

இரண்டு உறைகள் நீட்டியது நீட்டியபடி நின்றன, வாங்கத்தான் ஆளில்லை. கேப்டன் சங்கை ஊதினார். சிக்ருன் கரண்டியோடு படியில் இறங்கி வந்து கத்தினார்: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாங்கித் தொலைங்க! இல்லேன்னா ரெண்டையும் கடல்ல வீசிடுவேன்!"

வாங்கிக்கொண்டார்கள். ஹால்வர் தாளைப் பிரித்து, கையுறையைக் கழற்றி, எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். 4417. அவர் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"மேல வாய்யா, ஸ்வேலே சூடா இருக்கு" என்றார்.

அஸ்லாக் கதவைத் தள்ளினார். மீன் லாரியில் 'டங்' என்று இடித்தது. பூனை நுழையும் அளவுக்கு இடைவெளி. "நீ போ. எனக்கு இதுவே நல்ல இடம்" என்றார்.

ஹால்வர் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு, மீன் லாரிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்திக் காற்றைப் பின்னால் தள்ளினார். லாரிக்குப் பின்னால் பேருந்து, பேருந்துக்குப் பின்னால் கார்கள், எல்லாம் முனகிக்கொண்டே பின்வாங்கின. வரிசையின் கடைசிக் கார் மறுபடியும் கரையில் இறங்கும்வரை அவர் கையை இறக்கவில்லை.