கூட்டத்துக்கு முந்திய சிரிப்பு

எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று வந்தால் அது பெரும்பாலும் டிவியைப் பற்றித்தான் இருக்கும். சொந்தக்காரர்கள், நகை, யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போகவில்லை என்பதெல்லாம் கல்யாணமான புதிதிலேயே பேசித் தீர்ந்துவிட்டன. மகள் கல்யாணமாகி ஆஸ்திரேலியா போன பிறகு, ஆர்.எஸ்.புரத்து மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஒரு சோபா, ஒரு டிவி. நான் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் சாமான் வாங்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்காலம் முழுக்கப் பேரம் பேசியே வாழ்ந்தவனுக்கு, எதிர்வாதம் பேச ஓர் ஆள் இல்லாவிட்டால் சோறு இறங்காது. என் மனைவி கணக்கு டீச்சர். விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை.

சாயங்காலம் ஏழு மணிக்குக் காபியோடு உட்காருவோம். எனக்குப் பிடித்தது ஒரு பழைய இங்கிலீஷ் காமெடித் தொடர். கீழே சலூன், மேலே சலூன்காரனின் குடும்பம். அவன், அவன் மனைவி, எதையும் நம்பாத மாமியார், எந்த வேலைக்கும் போகாத தம்பி. கதை முழுவதும் ஒரே ஹாலில் நடக்கும். ஒவ்வொரு தமாஷுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் சிரிக்கும். மகள் மொத்தத் தொடரையும் பென்டிரைவில் ஏற்றி டிவியின் முதுகில் செருகிவிட்டுப் போயிருந்தாள்.

என் மனைவியின் கட்சி வேறு. ஒரே சேனல் இருந்த காலத்தில் வந்த ஒரு தமிழ் நாடகம்தான் அவளுக்கு உசத்தி. லைன் வீட்டில் ஆறு குடித்தனம், அத்தனைக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அதில் சிரிக்கும் கூட்டம் கிடையாது. "உங்க சலூன் கதையில எல்லாரும் நல்லா தின்னு நல்லா தூங்கறாங்க. அப்பறம் எதுக்குங்க இந்தக் கத்து கத்தறாங்க?" என்பாள். குழாயடிக் கதையில் கேமரா ஆடுவதையும், ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் பேசிவிடுவதையும் நான் எடுத்துச் சொல்வேன். வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம் என்று அவள் என் வாயை அடைப்பாள். எது சிறந்தது என்ற அந்த வழக்கு வருடக்கணக்காக நடந்தது. ஆனாலும் ஏழு மணிக்கு ஓடியது என் சலூன்தான். அவள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து, என்னைவிட அதிகமாகச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பில்தான் பெரிய சண்டையே.

ஒரு பாகத்தில் சலூன்காரன் அவசரத்தில் தன் மீசையில் பாதியைத் தானே வழித்துவிடுவான். வீட்டில் விருந்து. கன்னத்தில் ஒரு டவலை வைத்து அழுத்திக்கொண்டே சாப்பிட உட்காருவான். மாமியார் ஒன்றும் கேட்க மாட்டாள். எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னொரு டவலை எடுத்து வந்து அவன் மற்றக் கன்னத்துக்கு நீட்டுவாள். அப்போதுதான் கூட்டம் சிரிக்கும். என் மனைவி அதற்கு முன்பே, மாமியாரின் கண் அலமாரிப் பக்கம் திரும்பும்போதே சிரித்துவிடுவாள். எல்லாப் பாகத்திலும் இப்படித்தான்.

மனப்பாடம் செய்துவிட்டுச் சிரிக்கிறாய், அதெல்லாம் செல்லாது என்று நான் சொன்னேன். பரீட்சைக்கு முன்பே விடைத்தாள் பார்த்த மாதிரி என்றும் சொல்லிவிட்டேன். கணக்கு டீச்சரிடம் சொல்லக் கூடாத வார்த்தை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான் அந்தம்மா மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறனுங்க. நீங்கதான் அந்தக் கூட்டம் சிரிச்சு முடிச்சதுக்கு அப்பறம் சிரிக்கிறீங்க. யாரோ பர்மிசன் குடுத்த மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியெல்லாம் இல்லை, எனக்கே சிரிப்பு வந்துதான் சிரிக்கிறேன் என்று அன்றைக்கு ஆரம்பித்தவன், அதன் பிறகு தினமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் தினமும் சிரித்த கையோடு ஒரு விரலைத் தூக்கி, "இப்பப் பாருங்க, இப்பச் சிரிப்பீங்க" என்பாள். வீம்புக்குச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் இல்லாததால் அந்தச் சண்டை அப்படியே நின்றது.

போன ஐப்பசியில் ஒரு காலைப்பொழுது, நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லிச் சுக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

காரியங்கள் முடிந்து மகள் ஊர் திரும்பிய அன்றும் ஏழு மணி வந்தது. பழக்க தோஷத்தில் டிவியைப் போட்டேன். சலூன்காரன் பேசினான், கூட்டம் சிரித்தது. நான் சோபாவின் என் பக்கத்திலேயே ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் அப்படியே. இறந்தவளுக்காகத் துக்கம் என்று ஊர் சொல்கிறதே, அதில் பாதி எனக்கு இதுதான்: மீசைக் கதை நல்ல கதையா இல்லையா என்று என்னோடு சண்டை போட உலகத்தில் ஆளே இல்லை.

ஆள் தேடிப் பார்த்தேன். குடும்ப வாட்ஸாப் குழுவில், பழைய காமெடித் தொடர்களில் உங்களுக்கு எது பிடிக்கும், ஏன் என்று பரீட்சைக் கேள்வி மாதிரி எழுதிப் போட்டேன். நாலு கட்டை விரலும் இரண்டு கும்பிடும் வந்தன. அதற்கு மேல் யாரோ பிறந்தநாள் கேக் படம் போட, என் கேள்வி மேலே போய்விட்டது. வீடியோ காலில் மருமகனிடம் கேட்டேன். அவர் மரியாதையான பையன். இப்போதெல்லாம் அந்தச் சிரிப்புச் சத்தம் வைத்து யாரும் எடுப்பதில்லை மாமா, கேட்டாலே செயற்கையாக இருக்கும் என்றார். நான் சண்டைக்குத் தயாரானேன். அவர், உங்களுக்குப் பிடித்தால் நல்லதுதானே என்று முடித்துவிட்டார். இப்படி விட்டுக்கொடுத்தால் எப்படிப் பேசுவது.

பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அன்னூருக்கே போனேன். அங்கே என் அண்ணன் தோட்டத்து வீட்டில் இருக்கிறார். சாப்பாடெல்லாம் தடபுடலாக இருந்தது. வாழைத்தார் வெட்டிய களைப்போடு வந்து உட்கார்ந்தவருக்கு மீசைப் பாகத்தைப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "ஏண்டா தம்பி, இத்தனை பேரு சிரிக்கறாங்க, ஒருத்தனையும் காணமே. எங்கடா உக்காந்திருக்கறாங்க?" என்று கேட்டார். அண்ணி எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். அன்று ராத்தங்கச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். எனக்குத் தனிமையாக இருந்தது. இதைவிட நயமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

தை மாதம் மகள் வந்திருந்தபோது டிவி சத்தத்தைக் கேட்டு அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. கீழ் வீட்டில் படுக்கையில் ஒருவர் இருக்கும்போது இப்படி அலற விடலாமா அப்பா என்று கேட்டு, காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கீழ் வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரர் பாய். உக்கடம் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். சில வருடங்களுக்கு முன் கடை வாசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதிலிருந்து கட்டிலோடு சரி. கட்டிலை முன் ஹாலில் போட்டிருந்தார்கள், எங்கள் ஹாலுக்கு நேர் கீழே. ரம்ஜானுக்குத் தூக்குப்போசியில் பிரியாணி மேலே வரும், பொங்கலுக்கு எங்கள் பொங்கல் கீழே போகும். அவ்வளவுதான் பழக்கம். மரியாதையான தூரத்திலேயே இரண்டு குடும்பமும் இருந்தன.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்கத் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். பாயின் மனைவி மாடிப்படி ஏறி வந்தார். முட்டி வலிக்காரர், நாலு படிக்கு ஒரு தரம் நின்று வந்தார்.

"ஏனுங்க, டிவி ரிப்பேருங்களா?"

இல்லீங்கம்மா என்றேன்.

"சத்தமே காணமுங்க. அவரு கேட்டுட்டே இருக்கறாரு. செத்த கீழ வந்துட்டுப் போறீங்களா?"

இத்தனை நாள் பட்ட தொந்தரவை இன்றைக்குச் சொல்லிக்காட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே இறங்கினேன். பாய் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். முன்பு பார்த்ததில் பாதியாக இளைத்திருந்தார். உட்காரச் சொன்னார், டீ வந்தது. நான் மன்னிப்பை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். ஏழு மணி எப்போது ஆகும் என்று படுத்திருப்பாராம். சத்தம் நின்ற பிறகு பொழுது நகரவே இல்லையாம்.

கதை புரிகிறதா பாய் என்று கேட்டேன். இங்கிலீஷும் தெரியாது, பேச்சும் சரியாக வந்து சேராது, சிரிப்பு மட்டும் இறங்கி வரும் என்றார். பிறகு, எங்கள் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் தெரியாத அந்த மனிதர், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மூணு சிரிப்புங்க சார். மொதல்ல உங்க ஊட்டம்மா சிரிப்பு வரும். அது வந்தாச்சுன்னா, பாரு இப்பக் கூட்டம் சிரிக்கும்னு இவகிட்டச் சொல்லுவேன். சொன்ன மாதிரியே சிரிக்கும். எல்லாம் அடங்கினதுக்கு அப்பறம் கடைசியா உங்க சிரிப்பு வரும்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஒரு நாளாவது நான் முந்தியிருப்பேனுங்களே, பாய்?"

அவர் அவசரப்படவில்லை. கல்லாவில் உட்கார்ந்து எடை பார்த்தவர் அல்லவா, நன்றாக யோசித்தார்.

"இல்லீங்க சார். ஒரு நாளும் முந்தல."

அவர் மனைவியும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். இரண்டு பேர் சாட்சி. இத்தனை வருடம் வழக்குக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம், தீர்ப்பு எங்கள் கால்களுக்குக் கீழேயே படுத்திருந்திருக்கிறது. அவள் இருந்தபோது ஒரே ஒரு நாள் இவரிடம் வந்து உட்கார்ந்திருந்தால் போதும். அவள் எப்படித் துள்ளியிருப்பாள்!

அவள் போன பிறகு கீழே என்ன கேட்டது என்று நானே கேட்டேன். பாய் கொஞ்சம் தயங்கினார்.

"கூட்டம் மட்டும் சிரிச்சுதுங்க. நீங்க சிரிக்கவே இல்லீங்க."

அது எனக்கே தெரியாது. இத்தனை மாதம் தினமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஒரு தடவையாவது சிரித்தேனா என்று யோசிக்கவே இல்லை. நாளைக்குச் சத்தமாக வையுங்கள் சார் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ஹெட்போனைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, மீசைப் பாகத்தைப் போட்டேன். ஒலியைக் கீழே எட்டும் அளவுக்குக் கூட்டினேன். சலூன்காரன் டவலோடு வந்து உட்கார்ந்தான். மாமியார் அவனைப் பார்த்தாள். இந்த முறையாவது முந்திவிட வேண்டும் என்று காத்திருந்தேன். எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாமியாரின் கண் அலமாரிப் பக்கம் திரும்பியது. வீடு அமைதியாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பக்கத்து இருக்கையைத்தான் பார்க்கத் தோன்றியது. டவல் நீண்டது, கூட்டம் சிரித்தது. அது சிரித்து அடங்கிய பிறகு எனக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது, அவள் சொன்னபடியே, பர்மிசன் கிடைத்த மாதிரி.

"நீ சொன்னதுதான் சரி அம்மணி" என்று சத்தமாகவே சொன்னேன்.

பேச்சு கீழே போய்ச் சேராது. இரண்டாவது சிரிப்பும் மூன்றாவது சிரிப்பும் மட்டும் வந்ததை பாய் கேட்டிருப்பார்.