தோற்றத்தின்படி வயது

அரசு வேலையில் புதிதாகச் சேருகிறவர் கொடுக்க வேண்டிய உடல்தகுதிச் சான்றிதழில் ஒரு வரி உண்டு. ‘அவர் சொல்படி வயது இவ்வளவு, தோற்றத்தின்படி சுமார் இவ்வளவு.’ முதல் இடத்தை நிரப்ப வந்தவருக்கு வாய் இருந்தால் போதும். இரண்டாவதை நிரப்ப டாக்டருக்குக் கண் வேண்டும். பணிப்பதிவேடுகளைச் சரிபார்க்கும் என் முப்பத்து நான்கு வருட சர்வீஸில் இந்த இரண்டு எண்களும் வேறுபட்ட ஒரு சான்றிதழைக்கூட நான் கண்டதில்லை. டாக்டர்கள் முதல் எண்ணைப் பார்த்து இரண்டாவதை எழுதிவிடுவார்கள். நடைமுறை அதுதான். எழுபதுகளில் தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த நடைமுறை தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் ஒன்பது வயதில் நான் என் தாத்தாவைக் கொன்றிருக்க வேண்டியதில்லை.

அம்மாவின் கடைசித் தம்பி எங்களோடு தங்கியிருந்தார். துறைமுகத்தில் நாள்கூலி. கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவது பகல் வேலை. உண்மையான வேலை மாலையில், உப்பளத்தை ஒட்டிய மைதானத்தில். துறைமுகக் கால்பந்து அணிக்கு அவர் சென்டர் ஃபார்வர்டு. பந்தைக் காலால் தொடுவதைவிடத் தலையால் தொடுவதில்தான் அவருக்குப் பேர். அந்தத் தலையில் நுரை பொங்கியது போலச் சுருள்முடி. எம்பிக் குதிக்கும்போது அது தனியாக ஒருமுறை எம்பி இறங்கும். ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“ஏலே சுருட்டை, தலையக் குடுலே!” என்று வரப்பில் நிற்கும் கூட்டம் கத்தும். அவர் கொடுப்பார். கோல் விழும்.

எங்கள் தெரு முனை சலூனில் அவர் போட்டோ சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பெரிய பையன்கள் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கைகாட்டி “அந்தமாரி” என்பார்கள். கோரைப்புல் மாதிரி நேர்முடி உள்ளவனும் அதையேதான் கேட்பான். சலூன் அண்ணாச்சி தன்னால் ஆனதைச் செய்து அனுப்புவார்.

அந்த முடிதான் கொட்டத் தொடங்கியது. முதலில் சீப்பில், பிறகு தலையணையில், பிறகு குளிக்கிற இடத்தில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துக்கொண்டு. அம்மா ஊர்த் தண்ணீரைக் குற்றம் சொன்னாள். சின்ன வெங்காயத்தை இடித்துச் சாறு பிழிந்து தினமும் தேய்த்தாள். எதிரணி ஃபுல்பேக் ஒருவர் நாற்றம் தாங்காமல் ஒதுங்கியதால் மாமாவுக்கு ஒரு கோல் கூடுதலாகக் கிடைத்தது என்று அப்பா தன் பலசரக்குக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். மைத்துனரைப் பற்றி அப்பா தரும் தகவல்களுக்கு ஆதாரம் கேட்கக் கூடாது.

எனக்கு என் சொந்தக் கண்டுபிடிப்பு இருந்தது. பென்சில் எழுத்தை ரப்பர் அழிப்பது போல, பந்துதான் மாமாவின் முடியை அழிக்கிறது. கட்டிலுக்கு அடியில் இருந்த பந்தின் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அடி விழுந்தது. மாமா அடிக்கவில்லை; அம்மாதான். மாமா பந்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “எதுக்கு மருமவனே?” என்றார். நான் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அணியின் கேப்டன் ஒரு செய்தியோடு வந்தார். துறைமுகத்தில் விளையாட்டுக்காரர்களுக்கென்று ஐந்து நிரந்தர இடங்கள் வருகின்றன. வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். மெடிக்கல் உண்டு.

“சர்டிபிகேட்டில என்ன இருந்தாலும் டாக்டர் ஆளைப் பாத்து ஒரு வயசு போடுதாராம்டே. யாரோ ஒரு வாலிபால்காரனை முப்பதுன்னு போட்டு அனுப்பிட்டாவளாம்” என்றார்.

மாமாவின் பள்ளிச் சான்றிதழில் இருபத்து மூன்று. அது உண்மையான இருபத்து மூன்று. கேப்டன் சான்றிதழில் இருபத்து நான்கு. அவருடைய மூத்த மகள் நாலாம் வகுப்பில் என் பெஞ்சுக்குப் பக்கத்துப் பெஞ்ச். ஆனால் கேப்டனுக்குத் தலை நிறைய முடி, நெற்றியில் விழும். மாமாவுக்கு அதற்குள் முன்பக்கம் ஏறி, உச்சியும் வெளிச்சம் கண்டிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது மாமாதான் கேப்டனுக்கு அண்ணன்.

ஒருநாள் மதியம், சலூனில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணாச்சி திரையை இழுத்துவிட்டு, மாமாவின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, சொல்லுதேன்னு வருத்தப்படக் கூடாது. பின்னாடி உள்ளத முன்னாடி இழுத்து எத்தனை நாளைக்கு மூட முடியும்? பேசாமத் திருச்செந்தூருக்குப் போயி மொட்டையப் போட்டுருங்க. மொட்டைத் தலைக்கு வயசு கிடையாது. எவனும் ஏன்னும் கேக்க மாட்டான்.”

மறுநாளே மாமா போய்விட்டு வந்தார். தலை முழுக்கச் சந்தனம். கோப்பைக்கு வேண்டுதல் என்று சொன்னார். தெருவே உருகிவிட்டது. அடுத்த ஆட்டம் அரை இறுதி. சந்தன வாசனையோடு எம்பி ஒரு கோல் அடித்தார். அதுவரை முடியைப் பார்த்துக் கத்தியவர்கள் அன்று பக்தியைப் பார்த்துக் கத்தினார்கள்.

இதோடு நின்றிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் அன்று சாயங்காலமே அணி முழுவதும் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. கேப்டன் கண்கலங்கிப் பேசினார்.

“நமக்காக ஒருத்தன் முடியக் குடுத்துட்டு நிக்கான். நாம மட்டும் சீவிச் சிங்காரிச்சுக்கிட்டு அலைஞ்சா நல்லாவா இருக்கு? பைனலுக்கு முன்னாடி எல்லாரும் போடுதோம்.”

“வேண்டாம்ணே. நான் ஒருத்தன் போட்டது போதும்” என்றார் மாமா.

“பாத்தியளா, எவ்வளவு பெரிய மனசு!” என்றார் கோல்கீப்பர். அவர் ஆலந்தலைப் பக்கத்துக் கத்தோலிக்கர். “எங்க மாதாவுக்கும் நாங்க மொட்டை போடுறதுதான். முருகன் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு.”

மாமா மறுக்க மறுக்க அவர்கள் உறுதி கூடிக்கொண்டே போனது. இரண்டு நாள் கழித்து, பஸ்ஸில் பாதியை எங்கள் அணியே அடைத்துக்கொண்டு திருச்செந்தூர் போனது. மாமாவும் இன்னொரு முறை உட்கார்ந்தார். எனக்கும் போட்டார்கள். போகும்போதும் வரும்போதும் எல்லோரும் பாடினார்கள், மாமா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்துப் பேர் தனக்காகச் செய்கிற காரியத்துக்கு ஒருவர் ஏன் இப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

கோப்பை வந்தது. அதன்பின் சுமார் ஒரு மாதம் கழித்து மெடிக்கலுக்குக் கடிதமும் வந்தது. அந்த ஒரு மாதத்தில் நடந்ததுதான் என்னைக் குழப்பியது. என் தலையில் முள்முள்ளாக வந்தது. கேப்டன் தலை கறுத்தது. கோல்கீப்பர் சீப்பையே எடுத்துவிட்டார். மாமா தலை மட்டும் கோயிலில் இருந்து அன்றுதான் இறங்கியது போல மின்னியது. எங்கள் முடியையெல்லாம் முருகன் திருப்பிக் கொடுத்துவிட்டு மாமா முடியை மட்டும் வைத்துக்கொண்டார் போலும் என்று நினைத்தேன். பிடித்துப்போயிருக்கலாம். நல்ல முடி.

ஒருநாள் காலை கொல்லைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மாமா கண்ணாடித் துண்டை மதிலில் சாய்த்து வைத்து, அப்பாவின் சவரக்கத்தியால் தலையைச் சிரைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது.

“வெளிய யார்கிட்டயும் சொல்லிராத, என்ன?”

“வேண்டுதலா மாமா?”

கத்தியைத் தண்ணீரில் அலசினார். “ஆமா. வேண்டுதல்தான்.”

வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது. அது எனக்குத் தெரியும். அதனால் அதைப் பாதுகாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது.

மெடிக்கல் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்குப் பள்ளி விடுமுறை. திருநீற்றுப் பொட்டலத்தையும் தயிர்சாதத்தையும் என் கையில் கொடுத்து அம்மா கூடவே அனுப்பினாள். கேப்டன், கோல்கீப்பர், இன்னும் இரண்டு பேர், கடைசியில் மாமா. நால்வரும் முடித்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா உள்ளே போனதும் நான் கதவோரம் நின்றுகொண்டேன்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முழங்காலைத் தட்டினார். பிறகு எழுந்து மாமாவின் பின்னால் போய், தலையைக் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

“நீங்க எல்லாரும் ஒண்ணாப் போய் மொட்டை போட்டதா வெளியில சொன்னாங்க. அவங்களுக்கெல்லாம் வளந்திருச்சு. உங்களுக்கு மட்டும் நேத்துப் போட்ட மாதிரி இருக்கே?”

 மாமாவின் காது சிவந்தது. வேண்டுதல் வெளியே வரப் போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. முருகனைத் தவிர ஒருவர் மொட்டை போட வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று வேகமாகத் தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது.

“எங்க தாத்தா செத்துட்டாவ சார்” என்றேன், சத்தமாக.

டாக்டர் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். “அப்படியா? மீசையை எடுக்கலையே?” என்று கேட்டார்.

 தாத்தா மாமாவுக்கு அப்பா, அப்பா செத்தால் மீசையும் போக வேண்டும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்து எழுதினார். மற்றவர்களுக்கு எழுதியதைவிட மாமாவுக்கு ஒரு வரி கூடுதலாக எழுதியது போலத் தோன்றியது. காகிதத்தைத் திருப்பி வைத்து, ஒரு விரலால் இடம் காட்டி, “படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க” என்றார். மாமா படித்தார். பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு போட்டார்.

வெளியே வந்தால் நால்வரும் எழுந்து நின்றார்கள். நான் போட்ட சத்தம் பெஞ்சு வரை கேட்டிருக்கிறது. கேப்டன் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ஒரு வார்த்தை சொல்லலையேடே.” மாமா தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆட்டல் அது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அணி முழுவதும் வெள்ளை வேட்டியோடு துக்கம் விசாரிக்க, எங்கள் ஊர்ப் பேச்சில் துஷ்டி கேட்க, வந்தது. சனிக்கிழமைதோறும் அப்பாவின் பலசரக்குக் கடைக்குக் கருப்பட்டி கொண்டுவரும் தாத்தாவும் வந்திருந்தார். வாசலில் உட்கார்ந்து கருப்பட்டி ஓலைக்கொட்டானைப் பிரித்துக்கொண்டிருந்தவர், பதினோரு மணிக்குக் கப்பல் சரக்கு இறக்க வேண்டியவர்கள் எட்டு மணிக்குத் தலைகுனிந்து வருவதைப் பார்த்துப் பதறி எழுந்தார்.

“யாருக்கு என்னடே? யாரு போயிட்டா?”

கேப்டனுக்குத் தாத்தாவைத் தெரியும். வாய் திறந்தபடி நின்றார். கோல்கீப்பர் சிலுவை போட்டுக்கொண்டார்.

சத்தம் கேட்டு மாமா கொல்லையில் இருந்து வந்துவிட்டார். ஒரு பக்கத் தலையில் சோப்பு நுரை, மறுபக்கம் இன்னும் சிரைக்கவில்லை. காதுக்கு மேலே கறுப்பாக ஒரு நாள் முடி. அதற்கு மேலே வழவழப்பு. காலை வெயிலில் முடிக்கும் வழுக்கைக்கும் நடுவே கரை பிரிந்தது தெளிவாகத் தெரிந்தது.  தாத்தா மட்டும், “இவன் எதுக்குடே இந்தக் கோலத்துல நிக்கான்?” என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேப்டன்தான் முதலில் அசைந்தார். குட்டையாக வளர்ந்திருந்த தன் முடியை ஒருமுறை தடவிவிட்டு, “ஒண்ணுமில்லை பெரியவரே. கருப்பட்டி வாங்கலாம்னு வந்தோம்” என்றார். மாமா நீங்கலாகப் பத்துப் பேரும் ஆளுக்கொரு சிப்பம் கருப்பட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். தாத்தாவுக்கு அன்று நல்ல வியாபாரம்.

எனக்கு அடி விழவில்லை. வேலை உத்தரவு வந்தபோது அது என்னால் வந்தது என்று பல வருடங்கள் நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. பெருமையான விஷயம், ஆனால் தாத்தாவை வைத்துச் சம்பாதித்தது.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. வேலை கிடைத்த பிறகும், அணிக்கே எல்லாம் தெரிந்த பிறகும், ஆடிய கடைசி சீசன் வரை மாமா தினமும் சிரைத்துக்கொண்டார். தெரு முனை சலூன் வழியாகப் போகாமல் சுற்றிப் போனார்.

அவர் ஓய்வு பெற்றபோது பென்ஷன் தாள்களைச் சரிபார்த்துக் கொடுத்தவன் நான். பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தோடு அந்தப் பழைய சான்றிதழின் நகலும் இருந்தது. சொல்படி வயது இருபத்து மூன்று. தோற்றத்தின்படி இருபத்து மூன்று. அதற்குக் கீழே, அங்க அடையாளங்கள்: ஒன்று, வலது முழங்காலில் தழும்பு. இரண்டு, முன்தலையிலும் உச்சியிலும் வழுக்கை. பக்கத்தில் மாமாவின் கையெழுத்து. அங்க அடையாளம் என்பது மாறாததாக இருக்க வேண்டும் என்பது விதி. டாக்டர் விதியை மீறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும்போது மாமா எனக்குப் பேக்கரியில் மக்ரூன் வாங்கித் தந்தார். சலூன் வாசலில் நின்றார். திரை விலகியிருந்தது. உள்ளே நாற்காலியில் ஒரு பையன் போட்டோவைக் காட்டி அண்ணாச்சியிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். மாமா ரொம்ப நேரம் நின்றார்.

“மருமவனே, அந்தப் போட்டோவுல யாருன்னு தெரியுதா?”

“நீங்கதான் மாமா.”

அவர் இன்னொரு மக்ரூனை எடுத்து என் கையில் வைத்தார். ஆஸ்பத்திரியில் நன்றாகப் பொய் சொன்னதற்கு என்று நினைத்து வாங்கிக்கொண்டேன்.