அப்பா கொடுத்த கீஸர்

குன்னூரில் வேலை பார்த்த என் அப்பாவுக்குக் குளியல் என்றாலே வெந்நீர்தான். அதனால் எனக்குக் கல்யாணமானபோது சீரோடு சீராக ஒரு கீஸரையும் தாம்பரத்துக்கு அனுப்பிவைத்தார். தாம்பரத்தில் யார் வெந்நீர் கேட்டு அழுதார்கள்? தெருவே வேடிக்கை பார்த்தது. மாமியார் அதை ஒரு தடவை சுற்றிவந்து பார்த்தார். பார்த்த விதமே போதும்.

அதுவரை அந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீர்தான். கீஸருக்கு மேலிருந்து தண்ணீர் வரவேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தும் என் கணவர் மொட்டைமாடியில் இரும்புத் தொட்டி வைத்து, துருப்பிடிக்காமலிருக்கச் சுற்றிலும் தார் பூசினார். தை, மாசியில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சித்திரை பிறந்ததும் கீஸருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் தண்ணீர் கொதித்தது.

"உங்க வீட்டு கீஸர் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குதேம்மா" என்றார் மாமியார். அந்த 'உங்க வீட்டு'வில் ஓர் அழுத்தம். அப்பா முதல் தடவையாக எங்களைப் பார்க்க வரவிருந்த நேரம் அது. அவரிடமும் இதையே சொல்லிவிட்டால் அவர் முகம் என்னவாகும்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

"தெர்மோஸ்டாட் போயிருக்கு" என்று கணவர் கீஸரைப் பிரித்து மாட்டினார். திருகாணிகள் மிச்சமாயின, சூடு குறையவில்லை. சுவிட்சை அணைத்தார். கொதித்தது. ஃபியூஸைப் பிடுங்கினார். அப்போதும் கொதித்தது. "உள்ளே தங்கின சூடு, மெதுவாத்தான் இறங்கும்" என்று எனக்கு ஒரு வகுப்பே எடுத்தார். அடுத்த நாளும் அது இறங்குவதாக இல்லை.

எலக்ட்ரீஷியன் வந்து ஒயரையே கழற்றினார். குழாயைத் திறந்து கையை நீட்டியவர் துள்ளிக் குதித்தார். "இன்னா சார் இது, ஒயரே இல்லாம கொதிச்சுகினு கீது! பேஜாரு புடிச்ச மிஷினு சார்!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

"போதகரை வரச்சொல்லி ஒரு ஜெபம் பண்ணிடலாமாடா?" என்றார் மாமியார். பௌதிக வாத்தியார் தலையாட்டினார்.

மறுநாள் உச்சி வெயிலில் அத்தையும் (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) நானும் மொட்டைமாடிக்கு வடகத்தைத் திருப்பிப் போடப் போனோம். இடுப்பு வலிக்கிறதென்று அத்தை தொட்டியில் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் அலறிக்கொண்டு எழுந்தார். இரும்புலியூர் வரைக்கும் கேட்டிருக்கும். முதுகைத் தேய்த்தபடி தார் பூசிய கறுப்புத் தொட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பௌதிகம் படிச்ச பிள்ளையைப் பெத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்பா ஸ்வெட்டரைக் கையில் தொங்கவிட்டபடி ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தார். வந்ததும் குளிக்கப் போனார். ஒயர் இல்லாத கீஸர் சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. செக்கச்செவேலென்று வெளியே வந்தவர், "சம்பந்தியம்மா, கீஸர் ஒழுங்கா வேலை செய்யுதா?" என்று கேட்டார். நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

மோர் டம்ளரை நீட்டியபடி அத்தை சொன்னார்: "என்ன சம்பந்தி இப்படிக் கேட்டுட்டீங்க? கரண்டுக்குக்கூடச் செலவு வைக்காத கீஸர். இந்தத் தாம்பரத்துல இப்படி ஒண்ணு யார் வீட்டுல இருக்கு?"

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். அந்த வீட்டில் சந்தோஷத்தில் அழுதது அதுதான் முதல் தடவை.