காட்விக்கிலிருந்து ஹீத்ரோவுக்கு

ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானங்கள் இருந்து, இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் வேறாக இருந்தால், பயணியை ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுசேர்ப்பது விமானக் கம்பெனியின் பொறுப்பு. டிக்கெட்டோடு வந்த நிபந்தனைகளில் இருந்தது. அதைப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் மனைவி வியாழக்கிழமை விடியற்காலை இறந்தாள். அயர்லாந்தில் இருக்கும் மகளுக்குக் கிடைத்தது அந்த டிக்கெட் ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை லண்டன் காட்விக்கில் இறங்கி, ஹீத்ரோவில் சென்னை விமானம் ஏற வேண்டும். நடுவே எழுபது கிலோமீட்டர், சாலையில் ஒன்றேகால் மணி நேரம். கையில் நாலு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை நான்கு மணிக்கு சாந்தோமில் அடக்கப் பூசை. அதற்குள் வந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்கலாம்.

காட்விக்கிலிருந்து கூப்பிட்டாள். "டாடி, வண்டி எதுவும் கிடையாதுங்கறாங்க. நானே போய்க்கணுமாம். வெளிய டாக்ஸி நிக்குது, ஏறிடட்டுமா?"

முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் பிறர் மனுக்களைத் திருப்பி அனுப்பியவன் நான். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மனுதாரர் தன்னிச்சையாகச் செயல்பட்டுவிட்டார்.

"ஏறாதே. நீயா போனா பொறுப்பு உன் தலையில விழுந்துடும். வழியில லேட்டானா அடுத்த விமானத்துல இடம் தரமாட்டான். வண்டி தர முடியாதுன்னு எழுதி வாங்கு, கையெழுத்தோட."

மைத்துனன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். "மாமா, புள்ளைய டாக்ஸில ஏறச் சொல்லு. அக்கா இங்க ஐஸ் பெட்டில படுத்துக்கினு கீது, நீ இன்னா கையெழுத்து கேட்டுக்கினு கீற?"

"உனக்கு நடைமுறை தெரியாது" என்றேன்.

கவுன்டரில் இருந்தவர் மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றாராம். மேலதிகாரி சாப்பிடப் போயிருந்தாராம். மகள் இன்னும் மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும் இருக்கச் சொன்னேன். அவர்கள் எழுதித் தரவில்லை. கடைசியில் டாக்ஸி அவளை ஹீத்ரோவில் இறக்கியபோது விமானத்தின் கதவை மூடியிருந்தார்கள். அடுத்து இடம் கிடைத்த விமானம் ஞாயிறு மாலைதான் சென்னைக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் கிடையாது. ஐஸ் பெட்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "திங்கக்கெயம வரிக்கும் தாங்காது சார். மொகம் கறுத்துப் பூடும். அத்தயா பொண்ணு பாக்கணும்?"

சனிக்கிழமை நான்கு மணிக்கே பூசை நடந்தது. பெட்டியை மூடும் முன் பிள்ளைகள் நெற்றியில் முத்தமிடுவது வழக்கம். அந்த நேரத்துக்கு மைத்துனன் செல்போனை என் மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்தான். திரையில் மகளுக்குப் பின்னால் யாரோ சூட்கேஸ் உருட்டிக்கொண்டு போனார்கள்.

விமானக் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். பிறகு நினைவூட்டல்கள், முந்தைய கடிதங்களின் தேதிகளோடும் இணைப்புகளோடும். மகளும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

பதில் வந்தபோது அவள் இங்கேதான் இருந்தாள், அம்மாவின் கல்லறைக்கு மெழுகுவர்த்தியும் சாமந்தியும் வாங்கி வைத்துக்கொண்டு. உறையை அவளே பிரித்தாள். தங்கள் கருத்து முற்றிலும் சரி, வண்டி கொடுத்திருக்க வேண்டும், வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

"நீங்க சொன்னதுதான் சரியாம் டாடி" என்றாள். கடிதத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பழக்கம் விடவில்லை. ஓரத்தில் குறித்தேன்: பெறப்பட்டது, நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.