தில்சிங்கின் வலது கை

தில்சிங் என்ற பெயரைச் சுக்மாயா முதன்முதலில் கேட்டபோது அவளுக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. அம்மா களி கிளறிக்கொண்டே யாரிடமோ, "இவளை எங்கண்ணன் மகன் தில்சிங்குக்குத்தான் கொடுப்பேன்" என்றாள். மாமன் மகன் இருக்க வேறு யார் கேட்டு வருவார்கள்? ஆனால் அந்த மாமன் மகன் மீசை முளைக்கும் முன்பே ஒரு லாரியில் ஏறி ஹெடவுடா பட்டணத்துக்கு ஓடிப்போனான். சுக்மாயாவைச் சந்தபீருக்குக் கொடுத்தார்கள். பிற்பாடு தில்சிங் கட்டிக்கொண்டது சந்தபீரின் தங்கை பூர்ணியை. ஆக, ஒரு வழியில் அறுந்த உறவு இன்னொரு வழியில் முடிச்சுப் போட்டுக்கொண்டது.

சந்தபீர் பழைய பச்சை லாரி ஓட்டினான். தில்சிங், என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைப் பார்க்கிற மிஸ்திரி. காட்மாண்டு மலைச் சாலையில் எந்த வண்டி புகை கக்கினாலும், டிரைவரிடம், "தில்சிங்கிட்ட விடு, குருஜி" என்பார்கள்.

அந்த வருஷம் தசைன் பண்டிகைக்கு ஆடு ஏற்றிக்கொண்டு காட்மாண்டுக்குக் கிளம்பிய பச்சை லாரி, பைன்சே ஊரைத் தாண்டி முதல் ஏற்றத்திலேயே திணறியது. கரும்புகை. என்ஜினுக்குள் யாரோ சுத்தியால் தட்டுவது போலச் சத்தம். சந்தபீர் வண்டியைத் திருப்பி, ஆடுகளோடே தில்சிங்கின் கொட்டகை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். சோறு கொண்டுவந்த சுக்மாயாவும் பூர்ணியும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்ன மச்சான், ஆட்டுக்கு ஊர் சுத்திக் காட்டுறியா?" என்றான் தில்சிங்.

"கிண்டலை அப்புறம் வச்சுக்க. ரெண்டு ஆடு இப்பவே தலையைத் தொங்கப் போட்டுடுச்சு. விடியறதுக்குள்ள கிளம்பணும்."

தில்சிங் என்ஜினை மெதுவாக ஓடவிட்டான். ஸ்பேனரால் ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, காதைச் சாய்த்துக் கேட்டான். நல்ல நாசிலாக இருந்தால், டீசல் நின்றதும் என்ஜின் தள்ளாடும். முதலாவதில் தள்ளாடியது. இரண்டாவதிலும் தள்ளாடியது. மூன்றாவதில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது எப்பவோ செத்துப்போச்சு. நீ பொணத்தை வச்சுக்கிட்டு மலை ஏறியிருக்க."

ஐந்தாவதும் அப்படித்தான்.

"அப்ப அந்த ரெண்டை மாத்து."

"ரெண்டை மட்டும் மாத்தினா மத்த நாலும் கோவிச்சுக்கும். ஆறையும் மாத்திடுவோம்."

"இவரு பொண்டாட்டியை மட்டும் மாத்தாம இருந்தா சரி" என்றாள் பூர்ணி.

"முறைக்காரி எதிர்லயே உக்காந்திருக்கா, எனக்கென்ன குறை?"

"அத்தான், உங்களை நம்பியிருந்தா நான் இன்னும் எங்கம்மா அடுப்படியிலதான் உக்காந்திருப்பேன்" என்றாள் சுக்மாயா.

தில்சிங் வேலையில் குறை வைக்கிறவன் இல்லை. நாசிலைக் கழற்றினால் அடியில் இருக்கும் செப்பு வாஷர் பல நேரம் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்காமல் மேலே புதியதைப் போட்டுப் பூட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவன் வளைந்த கம்பியால் ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்து, குழியைத் துணியால் துடைத்தான்.

ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. நாசிலைக் குழாயில் மாட்டி, மூக்கை வெளியே பார்க்க வைத்து, சாவியைத் திருப்பச் சொல்வான். பீய்ச்சுவதை உள்ளங்கையில் வாங்குவான். பனிமூட்டம் மாதிரி விழுந்தால் நல்லது, சொட்டினால் கெட்டது. எதிர்க் கடையில் கைப்பம்பும் அழுத்தம் காட்டும் முள்ளும் வைத்த சோதனைப் பெட்டி இருந்தது. கேட்டால் தருவார்கள். அவன் கேட்கமாட்டான்.

"அந்த முள்ளு பொய் சொல்லும். என் கை சொல்லாது."

அந்தக் கை அத்தனை வருஷமும் தேய்ந்துபோன நாசில்களையே பார்த்து வந்தது. அன்றைக்கு மாட்டியவை ஆறும் புத்தம் புதியவை; அவை பீய்ச்சும் வேகம் அந்தக் கைக்குப் பழக்கமில்லை. ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன, சந்தபீர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். நாலாவதில் தில்சிங் கையை வழக்கத்தைவிடக் கிட்டத்தில் வைத்துவிட்டான். சாவி திரும்பியது. அவன் கையை வெடுக்கென்று உதறினான்.

"என்னங்க ஆச்சு?"

"கொசு கடிச்சிடுச்சு."

ஆள்காட்டி விரலடியில் முள் குத்தினாற்போல ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். அதே கையால் மிச்ச இரண்டையும் பூட்டி, குழாயிலிருந்த காற்றை எடுத்து, வண்டியைக் கிளப்பிக் காட்டினான். அதே கையால் சோறு தின்றான்.

பொழுது சாய்ந்தபோது விரல் மரத்து வெளுத்தது. பூர்ணி வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடுத்தாள். வீக்கம் கூடியது. மருந்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "முள்ளு குத்தினதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று வலி மாத்திரை கொடுத்தார். விடியும்போது கை சுரைக்காய் போல ஊதி, முழங்கை வரை சிவந்திருந்தது. காட்மாண்டு போகிற வண்டி வாசலிலேயே நின்றது. தில்சிங்கை முன்னால் ஏற்றினார்கள். பூர்ணி ஒரு பக்கம், சுக்மாயா ஒரு பக்கம். பின்னால் ஆடுகள்.

அந்த லாரி அப்படி மலை ஏறிச் சுக்மாயா பார்த்ததே இல்லை. புகை இல்லை, தட்டல் இல்லை. தாமன் மேட்டில் தில்சிங் கண்ணை மூடிக்கொண்டு, "ஆறும் ஒரே சீரா அடிக்குது, மச்சான்" என்றான். அவன் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சந்தபீர் அழுதுகொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தப் புள்ளியைப் பார்த்ததும், "டீசலா?" என்றுதான் கேட்டார். "ஊசி போடற மாதிரி உள்ள போயிருக்கு. மணிக்கட்டு தாண்டிப் பரவியிருக்கு. குத்தினதுமே வந்திருக்கக் கூடாதாம்மா?"

"ரத்தமே வரலீங்களே" என்றாள் பூர்ணி. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முதலில் கீறிக் கழுவினார்கள். பிறகு விரல்களை எடுத்தார்கள். கடைசியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்தார்கள். வெட்டியதை என்ன செய்வது என்று கேட்டபோது சந்தபீர் வெளியே போய்விட்டான். எரித்துவிடச் சொன்னது சுக்மாயாதான். ஆடுகள் எல்லாம் விற்றுப்போயின. அந்தத் தசைனுக்கு இரண்டு வீட்டிலும் யார் நெற்றியிலும் பெரியவர்கள் வைக்கும் அரிசித் திலகமான டீக்கா ஏறவில்லை.

ஊர் திரும்பியதும் தில்சிங் இடது கையால் ஸ்பேனர் பிடித்துப் பார்த்தான். நட்டு ஏடாகூடமாக ஏறி மரை போனது. பழகிய டிரைவர்கள் சில நாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு எதிர்க் கடையில் நிறுத்தினார்கள். சந்தபீர் லாரியை விற்றான். வாங்கியவன் இன்றும் அதை ஓட்டுகிறான். அந்த ஆறு நாசிலும் மாற்றவில்லை என்கிறான்.

தில்சிங் இப்போது ஹெடவுடாவில் ஒரு சிமெண்ட் கிடங்கில் வாசல் காவலாளி. லாரி வந்தால் இடது கையால் கயிற்றை இழுத்துத் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுகிறான்.