ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்

என் அத்தை யாரையும் நம்ப மாட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவள் தொழிலுக்கு அதுதான் முதல். பஸ் நிலையத்துக்கு எதிரே தகரக் கூரை போட்ட வண்டி ஸ்டாண்டு அவளுடையது. சுற்றுப்பக்கத்து ஊர்க்காரர்கள் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் அவளிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்து நகரத்துக்கு வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் டோக்கனை நீட்டினால் மட்டும் வண்டி கிடைத்துவிடாது. முதலில் டோக்கனைப் பார்ப்பாள், அப்புறம் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம், "காலையில வேற கலர் சட்டையில்ல போட்டிருந்தே?" என்பாள். முடி வெட்டிக்கொண்டு வந்த ஒரு வங்கி ஊழியரை, அவர் மனைவியிடம் போனில் பேசிய பிறகுதான் விட்டாள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கேமரா அக்கா. அது அவளுக்கும் தெரியும். யார் வைத்தது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

சந்தேகப்பட அவளுக்குக் காரணமும் இருந்தது. சில வருடங்களுக்கு முன் இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். சிரித்த முகம். "சும்மா அளந்து பாக்குறோம்மா" என்றார்கள். அத்தை அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். அடுத்த மழைக்காலத்துக்குள் சாலை அகலமாகிவிட்டது, ஸ்டாண்டின் முன்பாதி போய்விட்டது. இடம் போனதைவிட, தன் கையால் டீ கொடுத்ததுதான் அவளுக்கு ஆறவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிக்கும்போது அத்தை வீட்டில்தான் இருந்தேன். மாலை நேரங்களில் ஸ்டாண்டில் டோக்கன் கட்டுவேன். படிப்பு முடிந்ததும் வட்டாரப் பொதுப் போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. அத்தைக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை.

"பஸ் விடறதுக்கு எதுக்குடா ஆபீசு? டிரைவர் போதாதா?"

"எந்தப் பக்கமா விடணும், பணம் எங்கேருந்து வரும்னு பாக்கணும்ல அத்தை."

"அப்ப பணம் இன்னும் வரல."

"பாதி, வளர்ச்சி பேங்க் கடனாக் குடுக்குது. மீதி இங்கயே வரியாப் போடலாம்னு ஒரு யோசனை. கடைக்கு, வண்டிக்கு. இன்னும் முடிவு பண்ணல."

"முடிவு பண்ணாததத்தான் முதல்ல வசூல் பண்ணுவாங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, "வண்டிக்கா?" என்று கேட்டாள். நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

திட்டம் இதுதான். நகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து ஒரு விரைவு பஸ் தடம். பஸ்ஸுக்கென்று தனிச் சாலை, பெரிய நிறுத்தங்கள். அது எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று முடிவு செய்ய, மக்கள் தினமும் எங்கே போகிறார்கள் என்று கேட்டுக் கணக்கெடுத்தார்கள். அந்த வேலையை வெளியில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தோம். அவர்கள் பஸ் நிலையங்களிலும் வண்டி ஸ்டாண்டுகளிலும் நின்று கேட்டுவிட்டு வந்தார்கள்.

பதில்களை வைத்து வரைந்த படத்தைத் திட்ட அதிகாரி சுவரில் ஒட்டினார். எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அவர் அதிகம் பேசமாட்டார். எங்கிருந்து எங்கே நிறையப் பேர் போகிறார்களோ அங்கே கோடு தடிமனாக இருக்கும். எல்லாவற்றையும்விடத் தடித்த கோடு எங்கள் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பி, நகரத்தைத் தொடாமல், பைபாஸ் தாண்டி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் போய் முட்டியது.

"உங்க ஊர்ல என்னப்பா, தண்ணியில ஏதாவது கலந்திருக்கா?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார். சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "ஜனங்க எங்க போறாங்களோ அங்க போற தடத்துக்குத்தான் பேங்க் பணம் குடுக்கும். தடத்தை பைபாஸ் வழியாவே ஆஸ்பத்திரிக்குத் திருப்பிடலாம். பழைய பஸ் நிலையத்துக்கு ஒரு சின்ன இணைப்பு வண்டி போதும்" என்றார்.

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டுக்குள் இருப்பவர்களை எனக்குத் தெரியும். தையல் கம்பெனிக்குப் போகிற அக்கா, முடி வெட்டிக்கொண்ட வங்கி ஊழியர், துணிக்கடைக் காவலாளி. யாருக்கும் தலைவலிகூடக் கிடையாது. முதலில் கணக்கெடுத்த நிறுவனத்தைச் சந்தேகப்பட்டேன். மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் மற்ற ஸ்டாண்டுகளின் பதில்கள் சரியாக இருந்தன. இந்த ஒரு ஸ்டாண்டில் மட்டும்தான் ஊரே படுத்துக் கிடந்தது.

அன்று மாலை நேராக அத்தையிடம் போனேன்.

"உன்ன அனுப்புனது யாரு?" என்று கேட்டாள்.

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

"கழுத்துல ஆபீஸ் அட்டையத் தொங்கவிட்டுட்டு நானாத்தான்ங்கிற."

அட்டையைக் கழற்றிப் பையில் போட்டேன். விஷயத்தைக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"நான்தான் சொல்லச் சொன்னேன். சம்பளம் எவ்வளவுங்கிறான், வண்டி சொந்தமாங்கிறான். இதெல்லாம் பஸ் விடறவன் கேக்கிற கேள்வியா? எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க போறேன்னு கேட்டா ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லுங்கன்னு. நோயாளிகிட்ட எவனும் வரி கேக்க மாட்டான்."

"அவங்களும் சொன்னாங்களா?"

"வண்டி என்கிட்டல்ல நிக்குது."

தடம் பைபாஸ் பக்கம் போகப்போகிறது என்று சொன்னேன். பெரிய பஸ்கள் எல்லாம் அங்கே நிற்கும். இங்கே வண்டியை விட்டுவிட்டு பஸ் பிடிக்க யாரும் வரமாட்டார்கள். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்தாள். வரிசையாக நின்ற வண்டிகளை ஒருமுறை பார்த்தாள். அவளுக்கு வேறு வருமானம் கிடையாது.

"இதுவும் எதுக்காவது போடற நாடகமாடா?"

"நாடகம் இல்ல அத்தை."

"படிச்சவன் இல்லன்னா இருக்குன்னு அர்த்தம்" என்றாள். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை.

மேடத்திடம் சொல்லத்தான் வேண்டும். கணக்கு தப்பு என்பதால் சொல்லப் போகிறேனா, அத்தையின் ஸ்டாண்டு என்பதால் சொல்லப் போகிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அது வேறு யாரோ ஒருவருடைய ஸ்டாண்டாக இருந்தால் அந்தக் கோட்டை இவ்வளவு உற்றுப் பார்த்திருப்பேனா? பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அத்தையையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். மேடத்தின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அன்னைக்குப் பொய்யச் சொல்ல வச்சீங்க. இன்னைக்கு ஏன் வந்து மாத்திச் சொல்றீங்க?" என்று மேடம் கேட்டார்.

"பஸ் எங்க பக்கம் வராதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதான்."

"உண்மையச் சொல்ல இது நல்ல காரணம் இல்லம்மா."

"என்கிட்ட வேற காரணம் இல்லைங்க."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "இந்த ரூமுக்குள்ள வர்ற எல்லாருக்கும் ஸ்டாப் அவங்க வாசல்ல வேணும். போன வாரம் ஒரு கடைக்காரர், ஊர்ல எல்லாருக்கும் முட்டி வலி, என் கடை வாசல் வரைக்கும்தான் நடக்க முடியும்னாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவங்க உனக்கு என்ன வேணும்?"

"என் அத்தை, மேடம்."

அத்தை டோக்கனைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். என் சட்டை காலையில் என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்கே மறந்துவிட்டது.

"மறுபடி எல்லா இடத்துலயும் கணக்கெடுக்கப் பணம் இல்ல. அறிக்கை பேங்குக்குப் போகணும். நாளைக்குக் காலையில நானே அந்த ஸ்டாண்டுக்கு வந்து கேக்கிறேன். பதில் அதேதான்னா இந்தப் பேச்சு அதோட முடிஞ்சது. நீயும் வா. வாயத் திறக்கக் கூடாது."

மறுநாள் மேடம் கையில் கேள்வித்தாள் செருகிய எழுதும் அட்டையோடு ஸ்டாண்டு வாசலில் நின்றார். முதலில் வந்தவர் காவலாளி. "எங்க போறீங்க?" என்று மேடம் கேட்டார். அவர் அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குங்க."

அத்தை பதறிப்போய், "யோவ், உண்மையச் சொல்லுய்யா" என்றாள்.

ஆபீசர் முன்னால் அக்கா அப்படித்தான் சொல்லியாக வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததற்கு அடையாளமாக லேசாகக் கண்ணடித்தார். "சத்தியமா ஆஸ்பத்திரிதான்க்கா. ரெண்டு நாளா நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கு."

அடுத்து வந்தவருக்கு வயிறு. அதற்கடுத்தவர் தன் மாமியாரைப் படுக்க வைத்தார். அத்தை திட்டத் திட்ட அவர்களுக்கு நோய் முற்றிக்கொண்டே போனது. மேடத்தின் பேனா நின்றுவிட்டது. நான் வாயைத் திறக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தை தோளிலிருந்து டோக்கன் பையைக் கழற்றினாள். காய்ச்சலில்கூட அவள் அதை வேறு ஆளிடம் கொடுத்து நான் பார்த்ததில்லை. என்னிடம் தருவாள் என்று கை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய் மேடத்தின் கையில் கொடுத்தாள்.

"இவன் இருந்தா நான் இருக்கிற மாதிரிதான். டேய், நீ தள்ளிப் போ. நீங்களே பாத்துக்கங்க மேடம். வண்டியில ஒண்ணக் கட்டி, ஆள்கிட்ட ஒண்ணக் குடுக்கணும். ரெண்டும் ஒரே நம்பரா இருக்கணும்."

"என்னை நம்பி விட்டுட்டுப் போறீங்களா?"

"நம்பலைங்க. நான் இங்க நின்னா ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான்."

சாலையைக் கடந்து பஸ் நிலையத்துக்குள் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் சைக்கிள் வரிசைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். தையல் கம்பெனி அக்கா வந்தார். பையோடு நின்ற புது ஆளைப் பார்த்தார்.

"அக்கா எங்க?"

"வெளிய போயிருக்காங்க. நீங்க எங்க போறீங்க?"

"எதுக்குக் கேக்கிறீங்க?"

"பஸ் எந்தப் பக்கமா விடறதுன்னு தெரியணும்."

அவர் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அத்தை திரும்பவேயில்லை. "தையல் கம்பெனிக்கு" என்றார். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "நகரத்துக்குள்ள போய், மார்க்கெட்டுல இறங்கி, இன்னொரு பஸ் மாறணும். அது ஒரு நாளும் நேரத்துக்கு வராது. வந்தாலும் நிக்காது. அதையும் எழுதிக்கங்க." மேடம் எழுதினார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கடைக்கும், வங்கிக்கும், கிடங்குக்கும் போகத் தொடங்கினார்கள். மேடம் எழுதுவதா, டோக்கன் கட்டுவதா என்று திணறினார். சாயங்காலம் ஒரு சைக்கிளில் ஸ்கூட்டரின் டோக்கன் தொங்கியதால் பெரிய வாக்குவாதம் ஆனது.

திருத்திய படத்தில் தடம் மறுபடி எங்கள் பஸ் நிலையம் வழியாக நகரத்துக்குள் போனது. பேங்கும் அதை ஏற்றுக்கொண்டது. அந்தச் செய்தியைச் சொல்ல ஓட்டமாக ஸ்டாண்டுக்குப் போனேன்.

"கையெழுத்துப் போட்டது யாரு?" என்று அத்தை கேட்டாள்.

"மேடம்தான்."

"சைக்கிளுக்கு ஸ்கூட்டர் டோக்கனக் கட்டுன ஆளு" என்றாள். "அந்தக் கோட்ட வேற யாரையாவது விட்டு இன்னொரு தடவ சரி பாக்கச் சொல்லு."