தலைக்கு வைத்த முட்டுக்கட்டை

பழங்காநத்தம் தாண்டி, திருமங்கலம் போகும் ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு கண்மாய்க்கரை வரும். தொண்ணூறுகளின் கடைசியில், அந்தக் கரையை ஒட்டிய பொட்டலில் பழைய ரயில்வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, கம்பிவேலி போட்டு, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்கள். கிழித்தவன் நான். எங்கள் பக்கத்து மீட்டர்கேஜ் பாதைகளைப் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வேலை போன கரி என்ஜின் ஒன்று. அதற்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு ஒரு சரக்குப் பெட்டி. பெட்டியோடு கொக்கி போட்டு மாட்டிய, கொடி பிடிக்கிற கார்டு உட்கார்ந்து வரும் கார்டு வண்டி. அம்புட்டுத்தான் எங்கள் மியூசியம். கூரை கிடையாது.

தரை பார்க்கச் சமமாகத்தான் இருக்கும். ஆனால் மழை பெய்தால் தண்ணீர் என்ஜின் பக்கமிருந்து கார்டு வண்டிப் பக்கம் ஓடி, தண்டவாளம் முடிகிற மண்மேட்டில் போய்த் தேங்கும். முதல் மழையிலேயே அதைப் பார்த்து வைத்துக்கொண்டேன். தண்ணீருக்குத் தெரிந்த பள்ளம் சக்கரத்துக்குத் தெரியாமலா போகும்?

அதற்காகத்தான் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்திருந்தோம். சித்திரைத் தேர் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேரை நிறுத்தச் சக்கரத்துக்கு முன்னால் போடுவார்களே, அதே மாதிரி மரக்கட்டைதான். ஆனால் மதுரை வெயிலில் மரக்கட்டைக்கு வேறொரு உபயோகமும் உண்டு. மத்தியானமானால் சரக்குப் பெட்டிக்கு அடியில் நல்ல நிழல். ரோட்டில் வியாபாரம் பார்க்கிற நாலைந்து பேர் வேலிக்குள் நுழைந்து, ஆளுக்கொரு முட்டுக்கட்டையை உருவித் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவார்கள். சாயங்காலம் எழுந்ததும் திரும்பச் செருகிவிட்டுப் போவார்கள். அதில் ஒரு ஒழுங்கு இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர்களில் ஒருவன் கடலை விற்கிறவன். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை அண்ணே என்பான். அதற்கெல்லாம் எங்கள் ஊரில் சொந்தம் பார்ப்பதில்லை. திருமங்கலம் பஸ்களில் ஓடி ஏறி, ஓடி இறங்கிக் கடலைப் பொட்டலம் விற்பான். அவனுக்குச் சொத்து என்றால் இரண்டு கால்தான். அந்தச் சொத்தைத்தான் தண்டவாளத்தின் மேல் போட்டுத் தூங்குவான். மீட்டர்கேஜ் என்றால் தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் இடம். அவன் குறுக்கே படுப்பான். தலை ஒரு தண்டவாளத்தை ஒட்டிக் கட்டையில் இருக்கும். முழங்காலுக்குக் கீழே மற்றத் தண்டவாளத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செருப்பைக் கூடக் கழற்ற மாட்டான், களவு போய்விடுமாம்.

“மாப்ள, கட்டையை எடுக்காதடா.”

“ஓடாத வண்டிக்கு எதுக்குண்ணே கட்டை? என் மண்டைக்காவது ஆகட்டும்.”

“சரி, நீளவாக்குலயாவது படுத்துத் தொலை.”

“நீளவாக்குல படுத்தா காத்து வராதுண்ணே. நீங்க வந்து விசிறி விடுறீங்களா?”

பேச்சில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது.

சாயங்காலங்களில் ஒரு ரிட்டையர்டு டிரைவர் வருவார். கரி என்ஜின் ஓட்டிய கை. எல்லோருக்கும் அவர் டிரைவரய்யா. என்ஜினைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொல்வார்: “ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதும்பாங்க. இதுக்கு எம்புட்டுக் காலு இருக்கு பாத்தியா?” அதைக் கேட்ட பிறகு தனியாக வேலிக் கதவைப் பூட்டுவதற்கு எனக்கு மனசு வராது.

ஆயுத பூசைக்கு என்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். பஸ்ஸோ லாரியோ என்றால் ஏறி நசுக்கிவிடும். எங்கள் என்ஜின் நகராது. முந்தின வருசம் பழம் அப்படியே கிடந்து காய்ந்தது. டிரைவரய்யாவோடு கூட என்ஜினில் கரி அள்ளிப் போட்ட பயர்மேன் தை பிறப்பதற்குள் செத்துப்போனார். “பழம் நசுங்கலைன்னா திருஷ்டி கழியலைன்னு அர்த்தம். இந்த வருசம் நசுக்கியே ஆகணும்” என்று டிரைவரய்யா பிடித்த பிடியை விடவில்லை.

பூசையன்று காலையில் நான் ஒரு சுற்றுச் சுற்றி, எல்லாக் கட்டைகளையும் காலால் உதைத்து இறுக்கிவிட்டேன். பதினொரு மணிக்கு முடிய வேண்டிய பூசை. பூசாரி வந்து சேரவே உச்சி வெயிலாகிவிட்டது. அப்புறம் ராகு காலம் கழியட்டும் என்றார்கள். அதற்குள் பொரிகடலையை அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கடலைக்காரன் வந்து கூடையை எனக்கு முன்னால் வைத்தான்.

“இன்னைக்கு ஊரே ஓசிக் கடலை திங்குது. என் கடலையை எவன் வாங்குவான்? போறேண்ணே.”

வீட்டுக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

பூசை முடிந்தது. நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்பியும் என்ஜின் அசையவில்லை. துரு ஏறிக் கல்லாகிவிட்டிருந்தது. டிரைவரய்யா முகம் சுண்டிப்போனது. பிறகு, “என்ஜின் அசையாட்டி என்ன, கார்டு வண்டி அசையும்” என்று பழங்களை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

“ஐயா, அது இறக்கத்துல நிக்குது” என்றேன்.

“கார்டு வண்டிக் கட்டையை மட்டும் எடுப்போம். சரக்குப் பெட்டிக்குக் கட்டை இருக்குல்ல? கொக்கி இழுத்துப் பிடிச்சுக்கும், ஒரு சாண் போய் நின்னுரும். மீறினா உள்ள கைப்பிரேக் இருக்கு.”

காலையில் நானே உதைத்துப் பார்த்த கட்டைகள். விலகி வழி விட்டேன்.

ஒருவர் ஏறிக் கைப்பிரேக்கைத் தளர்த்தினார். கடப்பாரை விழுந்தது. வண்டி முனகியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, தூக்கத்தில் கிழவர் புரண்டு படுப்பது போல. பழம் பிதுங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு சாண் போனது. இரண்டு சாண் போனது. நிற்கவில்லை.

“பிரேக்கைப் பிடி!” என்று டிரைவரய்யா கத்தினார்.

உள்ளே இருந்தவர் கைப்பிரேக் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். “பிடிக்க மாட்டேங்குதுய்யா!” சக்கரத்தைக் கவ்வ வேண்டிய பிரேக் கட்டைகள் எந்தப் பழைய இரும்புக் கடையிலோ இருந்தன. சிரங்கு பிடித்தவன் கையும் இரும்பு பிடித்தவன் கையும் சும்மா இராது என்பார்கள். எவன் கையோ சும்மா இருந்திருக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரக்குப் பெட்டிக்குக் கட்டை இருந்தால் வண்டி நின்றிருக்கும். பெட்டியை இறக்கத்தில் போகவிடாமல் தாங்குவது ஒரே ஒரு கட்டைதான். அது இல்லை என்றால் யாருடைய தலைக்கடியிலோ இருக்கிறது.

ஓடினேன். தண்டவாளத்தின் மேல் இரண்டு கால்கள், செருப்போடு. அந்தக் கால்களை நோக்கிப் பெட்டியின் என்ஜின் பக்கத்து முன்சக்கரம் அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. வேகமாக வந்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு பயம் இருந்திருக்காது. கத்தினேன். அவன் எழவில்லை. கணுக்காலைப் பிடித்து வெளியே இழுக்கப் போனவன் கையை நிறுத்திக்கொண்டேன். இழுத்தால் இடுப்பல்லவா தண்டவாளத்துக்கு வரும்! இரண்டு முழங்காலையும் மடக்கி, அவன் வயிற்றோடு சேர்த்து உள்ளே தள்ளினேன். ஒரு செருப்பு கையோடு வந்தது. இன்னொன்றின் மேல் சக்கரம் ஏறியது.

கார்டு வண்டி மண்மேட்டில் முட்டி நின்றது. அவன் சுருண்டு கிடக்க, முன்சக்கரத்து அச்சு அவன் விலாவுக்கு மேலே ஒரு கையகலத்தில் நின்றிருந்தது. கூட்டம் ஓடிவந்து பெட்டியைப் பின்னுக்குத் தள்ளக் கை வைத்தது.

“தள்ளாதீங்க! யாரும் தள்ளாதீங்க!” உள்ளிருந்து வந்த குரல் அவனுடையது மாதிரியே இல்லை. பிறகு ஒரு கை வெளியே நீண்டது. “அண்ணே, இந்தாங்க.”

முட்டுக்கட்டையைக் கொடுத்தான். அவன் தலைச்சூடு அதில் அப்படியே இருந்தது. அதைச் சக்கரத்துக்கு வைத்து, மற்றப் பக்கம் ஒரு கல்லையும் வைத்த பிறகுதான் அவன் ஊர்ந்து வெளியே வந்தான். அறுந்த செருப்பை எடுத்துப் பார்த்த டிரைவரய்யா அதைக் கீழே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் வரவேயில்லை.

மறுநாள் வெயில் முந்தின நாளைப் போலவே காய்ந்தது. மத்தியானம் ஒரு சந்தேகத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். மூன்று பேர் படுத்திருந்தார்கள், குறுக்கே. ஒருவன் தலைக்கடியிலிருந்து கட்டையை உருவினேன். அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

“விடுங்கண்ணே. நேத்துதான நகந்துச்சு. இனி அடுத்த பூசைக்குத்தான்.”

கடலைக்காரன் அவர்களோடு இல்லை. டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில், இரண்டு காலையும் மேலே தூக்கி மடக்கி, கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “படுக்கலையா மாப்ள?” என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவங்களை எழுப்புங்கண்ணே” என்றான்.